பட்டணம் போனால் எங்கே தங்குவது?

வருகிற சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெண்டு பிள்ளைகளோடு சென்னைக்குப் போய்வரலாமென்றிருக்கிறோம், எங்கே தங்கலாம், எங்கெங்கே போகலாம் என்று வெளியூர்த் தோழர்கள் நம்மைக் கேட்பது இப்போது அதிகமாகியிருக்கின்றது. முன்பெல்லாம் நம்மவர்கள் பட்டணத்துக்குப் போவதென்றால் கோர்ட்டு வழக்குக்கோ, பெரிய ஆஸ்பத்திரிக்கோ, வேலை தேடியோதான் போவார்கள். சும்மா இரண்டு நாள் இருந்து ஊரைப் பார்த்து, காற்று வாங்கிவிட்டு வருவதற்கென்றே போக ஆரம்பித்திருப்பது நமக்கு மிகவும் சந்தோஷத்தைத் தருகின்ற காரியமேயாகும். ஆனால் நமது தோழர் ஒருவர், "ஜாதி ஒழிப்பையும் மூடநம்பிக்கை ஒழிப்பையும் பற்றி எழுதவேண்டிய பத்திரிகையில் லாட்ஜையும் ஓட்டலையும் பற்றியா எழுதுவது?" என்று முகத்தைச் சுளித்தார். அவருக்கு நாம் சொன்னதாவது: மேடையில் நின்றுகொண்டு ஜாதி இல்லை என்று பேசுவது சுலபம்; கேட்கிறவர்களும் கை தட்டுவார்கள். இரவு 10 மணிக்குக் கையில் மூட்டையும் தோளில் தூங்கும் குழந்தையுமாக ஒரு விடுதியின் மேஜைக்கு முன்னால் நின்று, "நீங்கள் யார், எந்த ஊர், இந்த அம்மாள் யார்?" என்று கேட்கப்படுகிறபோதுதான் ஒருவனுடைய சுயமரியாதை எவ்வளவு கெட்டியானது என்பது தெரியும். ஆகவே இதைப்பற்றி எழுதுவது அவசியமென்றே நினைக்கின்றோம்.

முதலாவதாக, இந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வு எப்படி வந்தது என்பதை யோசிக்க வேண்டும். அமாவாசைக்கு என்ன செய்வது, ஏகாதசிக்கு என்ன செய்வது, கிருத்திகைக்கு என்ன செய்வது என்றெல்லாம் நமது பஞ்சாங்கம் பக்கம் பக்கமாகச் சொல்லுகின்றது. பாடுபடுகிற ஆளுக்கு 7 நாளைக்கு ஒரு நாள் ஓய்வு கொடு என்று மட்டும் அதில் எங்கும் காணோம். பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது 1890-ம் வருஷத்தில்தான். அதற்காகப் பல வருஷகாலம் கூட்டம் போட்டு, மனுச் செய்து, ஆலை முதலாளிகளோடு மல்லுக்கு நின்றவர் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர். அவர் ஜோதிராவ் பூலே 1873-ல் ஆரம்பித்த சத்திய சோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர். அதாவது, நமது இயக்கத்துக்கு அண்ணன் முறையாகவேண்டிய ஓர் இயக்கத்தைச் சேர்ந்தவர். ஆகையால் இந்த ஓய்வு எந்தச் சாமியும் கொடுத்த வரமல்ல. மனிதன் கேட்டு வாங்கினது. (அதைக் கூட இன்னமும் காணாத கூலிக்காரர்களும், வீட்டு வேலைக்காரர்களும், ஓட்டல் சிப்பந்திகளும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதும் நினைவிருக்க வேண்டும்.)

இப்படிக் கிடைத்த ஓய்வை அனுபவிக்கப் புறப்படும்போதே பஞ்சாங்கம் வாசற்படியில் குறுக்கே வந்து நின்றுகொள்ளுகின்றது. சனிக்கிழமை கிழக்கே சூலமாம். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலமாம். கோயமுத்தூர்க்காரனுக்கும், ஈரோட்டுக்காரனுக்கும், வேலூர்க்காரனுக்கும் சென்னை கிழக்கே இருக்கின்றது. அப்படியானால் அவன் சனிக்கிழமை போகவும் கூடாது, ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் கூடாது. மேற்கு ஜில்லாக்காரன் எவனும் ஆயுசு முழுவதும் வாரக் கடைசியில் பட்டணம் பார்க்க யோக்கியதை இல்லாதவன் என்பதே இந்தச் சாஸ்திரத்தின் தீர்ப்பு. இதற்குப் பரிகாரமும் அவர்களே வைத்திருக்கிறார்கள்: கிழக்குச் சூலத்துக்குத் தயிர், மேற்குச் சூலத்துக்கு வெல்லம். ஒரு கரண்டித் தயிரில் கரைந்துபோகிற சூலம் என்ன சூலமோ நமக்குத் தெரியவில்லை. தயிர் சாப்பிட்டவனும் சாப்பிடாதவனும் ஒரே ரயிலில், ஒரே நிமிஷத்தில்தான் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். சனிக்கிழமை காலை 9 முதல் 10.30 வரை இராகு காலமென்று ரயில்வேக்காரன் எந்த வண்டியையும் நிறுத்தி வைத்ததாகவும் நாம் கேள்விப்பட்டதில்லை. இது இத்தோடு நிற்க.

தங்குமிடம் என்றவுடன் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது உறவுக்காரர் வீடு. "சித்தப்பா வீடு பெரம்பூரில் இருக்கிறது, மச்சான் வீடு தாம்பரத்தில் இருக்கிறது, செலவே இல்லை" என்கிறார்கள். யாருக்குச் செலவில்லை என்று கேட்கின்றோம். ஆண்பிள்ளை இரண்டு நாளும் மச்சானோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுவான், அல்லது கடற்கரைக்குப் போய்வருவான். அவன் பெண்ஜாதி என்ன செய்வாள்? தன் வீட்டு அடுப்பை விட்டுவிட்டு இன்னொருத்தி வீட்டு அடுப்புக்கு முன்னால் போய் நிற்பாள். காய் நறுக்குவாள், 10 பேர் சாப்பிட்ட பாத்திரத்தைத் தேய்ப்பாள், மாமியார் முறையாகிறவளின் இடிச்சொல்லையும் கேட்டுக்கொள்ளுவாள். திங்கட்கிழமை ஊருக்கு வந்து, "பட்டணம் எப்படியிருந்தது?" என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் அந்த வீட்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதுதான். அந்த வீட்டுக்காரியின் ஞாயிற்றுக்கிழமையும் இதோடு போய்விட்டது. இரண்டு பெண்களின் ஓய்வைச் சாப்பிட்டுவிட்டு, "செலவே இல்லை" என்று கணக்கு எழுதுகிறோம். உறவினரைப் பார்க்க வேண்டுமானால் ஒரு சாயங்காலம் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து வரலாமே. நமது பெண்கள் இதுவரையில் ஊரை விட்டு வெளியே போவதெல்லாம் கோயிலுக்கு, சாவுக்கு, பிரசவத்துக்கு என்கிற மூன்று காரியத்துக்குத்தானே! நாலாவதாக ஒன்று இருக்கட்டும்.

இனி, இரண்டாவது தூண்டில் ஜாதிச் சத்திரம். இதைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கின்றது. ஏனென்றால் பார்ப்பனியத்தைத் திட்டுவதில் சளைக்காத நமது தோழர்கள் பலர் இதில் வழுக்கி விழுகிறார்கள். அநேகமாக ஒவ்வொரு ஜாதிக்கும் பட்டணத்திலும் பெரிய க்ஷேத்திரங்களிலும் ஒரு சங்கமும், ஒரு கட்டிடமும், அதில் தன் ஜாதிக்காரனுக்குச் சல்லிசாக அறையும் இருக்கின்றன. நமக்குத் தெரிந்த ஒரு தோழர், 15 வருஷமாக இயக்கத்தில் இருப்பவர், சென்னைக்கு வரும்போதெல்லாம் தமது ஜாதிச் சத்திரத்தில்தான் இறங்குவார். "நான் ஜாதியை நம்பவில்லை, ஜாதிக்காரன் கட்டின கட்டிடத்தை உபயோகித்துக்கொள்ளுகிறேன், அவ்வளவுதான், அவன் காசு எனக்கு மிச்சமாகட்டுமே" என்பது அவருடைய நியாயம். கேட்பதற்கு இது சாமர்த்தியமாகத்தான் இருக்கின்றது. ஆனால் போன வருஷம் அவரும் வேறு இரண்டு தோழர்களும் ஒரு மாநாட்டுக்காகச் சேர்ந்து வந்தார்கள். சத்திரத்து வாசலில் கணக்குப்பிள்ளை மூன்று பேருடைய பெயரையும் ஊரையும், பிறகு சுற்றிவளைத்து, "உங்கள் பக்கத்தில் யார் வகையறா?" என்றும் கேட்டார். நமது தோழருக்கு அறை கிடைத்தது. ஒருவருக்கு, அடுத்த கட்டிடத்தில் இருக்கிறதா பாருங்கள் என்று பதில் கிடைத்தது. மற்றவர் ஆதிதிராவிடத் தோழர். அவர் கேள்வி தம்மிடம் வருவதற்கு முன்பே தமது பையை எடுத்துக்கொண்டு, "நான் ஸ்டேஷனிலேயே படுத்துக்கொள்கிறேன்" என்று நடந்துவிட்டார். அவருக்கு இது பழக்கமான காரியம். நமது தோழருக்குத்தான் புதிது. அன்றிரவு அவரும் சத்திரத்தில் படுக்கவில்லை என்பதை அவர் கௌரவத்துக்காகச் சொல்லுகிறோம். அந்த 15 வருஷமும் மிச்சப்படுத்தின காசு எங்கேயிருந்து மிச்சமாயிற்று என்பது அன்றுதான் தெரிந்தது என்று பிறகு நம்மிடம் சொன்னார்.

நாமும் இதில் சுத்தமானவர்களென்று மார்தட்டிக்கொள்ளவில்லை. 20 வயதில், கையில் காசில்லாமல், நம்முடைய ஜாதிப் பெயரைச் சொல்லி இரண்டு இரவு ஒரு சத்திரத்தில் நாமும் படுத்திருக்கிறோம். பாய் நன்றாகத்தான் இருந்தது. அதை இன்று நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கின்றது.

பட்டணத்தில் தலை சாய்க்க இடம் என்கிற இந்தக் கேள்வி நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. சொல்லப்போனால் இதிலிருந்துதான் பல காரியங்கள் பிறந்தன. சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத பிள்ளைகளுக்குத் தங்கவும் சாப்பிடவும் இடம் கிடைப்பது கஷ்டமாயிருந்தபடியால்தான் டாக்டர் நடேசனார் 1916-ல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லத்தை ஏற்படுத்தினார். ஒரு டாக்டருக்கு அரசியலில் என்ன வேலை என்று கேட்டால், ஒரு பையன் படுக்க இடமில்லாமல் தெருவில் நின்றதுதான் அவருக்கு அரசியல்.

அதற்கு அடுத்த வருஷம், 1917-ல், அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு உத்தியோகம் பார்க்க பரோடாவுக்கு வந்தார் டாக்டர் அம்பேத்கர். அந்த ஊரில் அவ்வளவு படித்தவருக்கு ஒரு ஹிந்து ஓட்டல் இடம் கொடுக்காது. ஒரு பார்சிச் சத்திரத்தில், பார்சிப் பெயரைச் சொல்லிக்கொண்டு தங்கினார். 11-ம் நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடியோடு வந்து நின்று, அன்று சாயங்காலத்துக்குள் வெளியேற வேண்டுமென்றார்கள். ஹிந்து நண்பர் ஒருவரைக் கேட்டால், நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறிஸ்தவ நண்பர் ஒருவரைக் கேட்டால், மனைவியைக் கேட்டுச் சொல்லுகிறேன் என்றார். அம்பேத்கர் ஒரு பொதுத் தோட்டத்தில் போய் உட்கார்ந்து, அழுது, இரவு ரயிலேறி பம்பாய்க்குத் திரும்பினார். இதை அவரே தமது அனுபவக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இதில் தடி பிடித்து நின்றவர்கள் ஹிந்துக்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஜாதி என்பது மதம் மாறினாலும், ஊர் மாறினாலும் கூடவே வருகிற ஒட்டு வியாதி.

அந்த மனிதர் தலைமை தாங்கி எழுதின அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கின்றது. அதன் 15(2)-வது ஷரத்து, மதம், ஜாதி, பால், பிறந்த இடம் இவற்றைக் காரணமாகச் சொல்லி எவரையும் கடை, பொதுச் சாப்பாட்டு விடுதி, ஓட்டல், பொழுதுபோக்கு இடம் இவற்றுக்குள் போகாமல் தடுக்கக்கூடாது என்கின்றது. தீண்டாமையைக் காரணமாகக் கொண்டு ஓட்டலிலோ சத்திரத்திலோ இடம் மறுத்தால் அது 1955-ம் வருஷத்துச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். ஒரு ஓட்டல் அறைச் சாவியைப் பற்றி ஒரு தேசத்தின் அரசியல் சட்டத்தில் எழுதவேண்டி வந்ததென்றால் அந்தத் தேசத்தின் பெருமையை என்னவென்று சொல்வது!

நிற்க, சட்டம் வந்த பிறகு ஜாதியை நேராகக் கேட்பது குறைந்திருக்கின்றது. அதற்குப் பதிலாகப் பெண்ணின் கழுத்தைப் பார்க்கிற வழக்கம் வந்திருக்கின்றது. தஞ்சை ஜில்லாக் கிராமத்துத் தோழர் ஒருவரும் அவருடைய துணைவியாரும், தாலி இல்லாமல் மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள், இரண்டு நாள் இருந்து வரலாமென்று சென்னைக்குப் போனார்கள். முதலாவது லாட்ஜில் மானேஜர் இருவருடைய ஆதார் அட்டையையும் பார்த்தார். இரண்டும் வேறு வேறு விலாசம். பிறகு அந்த அம்மையாரின் கழுத்தைப் பார்த்தார். "குடும்பத்துக்குத்தான் ரூம் கொடுக்கிறது" என்றார். நாங்கள் குடும்பம்தான் என்று தோழர் சொல்ல, "குடும்பப் பெண்ணென்றால் தாலி இருக்காதா?" என்றார் அந்தப் பெரிய மனுஷர். இரண்டாவது லாட்ஜிலும் ஏறக்குறைய இதே பேச்சு. மூன்றாவதில் பேச்சே இல்லை; ஏற இறங்கப் பார்த்துவிட்டு அறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றிரவு இருவரும் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே விழித்திருந்தார்கள்.

இவர்கள் திரும்பி வந்து நம்மிடம் சொன்னபோது நாம் உடனே சட்டத்தை எடுத்து நீட்டினோம். சுயமரியாதைத் திருமணத்தை அண்ணாவின் மந்திரிசபை 1967-ல் சட்டமாக்கிவிட்டது. அதன்படி மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் அணிவித்தாலும் போதும், தாலி கட்டித்தான் தீரவேண்டுமென்பதில்லை. 2009-ம் வருஷத்துச் சட்டப்படி கல்யாணத்தைப் பதிவு செய்தும் ஆகவேண்டும். ஆகையால் அந்தப் பதிவுச் சான்றிதழின் நகலை ஒன்று பையில் வைத்துக்கொண்டு போங்கள், மானேஜரின் மூஞ்சிக்கு நேராக நீட்டுங்கள் என்று சொன்னோம். நம்முடைய யோசனையில் நமக்கே ஒரு திருப்தி.

அந்த அம்மையார் சொன்னார்: "அண்ணே, சான்றிதழைக் காட்டினால் எனக்கு ரூம் கிடைக்கும். காட்ட முடியாதவளுக்கு? தனியாக வந்த பெண்ணுக்கு? தாலி கேட்டவனுக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்தால் அதுவும் காகிதத் தாலிதானே?"

நமக்கு உடனே பதில் வரவில்லை. அந்த அம்மையார் சொன்னதே சரி. அதற்குச் சட்டமும் இருக்கத்தான் செய்கின்றது. கோயமுத்தூரில் ஒரு விடுதியைப் பூட்டி முத்திரை வைத்த வழக்கில் சென்னை ஹைகோர்ட்டு 2019 டிசம்பரில், கல்யாணமாகாத வயது வந்த ஆணும் பெண்ணும் ஓட்டல் அறையில் தங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கின்றது. விடுதிக்காரன் பார்க்கவேண்டியது இரண்டு பேருக்கும் வயது வந்துவிட்டதா, அடையாளச் சீட்டு இருக்கிறதா, வாடகை கொடுப்பார்களா என்கிற மூன்றைத்தான். ஆனாலும் பச்சைக் குழந்தையோடு நடுராத்திரியில் நிற்கிற ஒருத்தி சான்றிதழை எடுத்துக் காட்டினால் அவளைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. கையில் இருக்கட்டும், காட்டுவதும் காட்டாததும் அவரவர் அவசரத்தைப் பொறுத்தது.

ஆகவே புறப்படுவதற்கு முன்பே டெலிபோனில் கேட்டுவிடுவது நல்லது. எழும்பூர் கென்னட் லேனிலும், சென்ட்ரலுக்கு அருகே பெரியமேட்டிலும் லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. திருவல்லிக்கேணியில் இருக்கிற மேன்ஷன்கள் பெரும்பாலும் தனி ஆண்களுக்கானவை. குடும்பத்தோடு அங்கே போய் நின்று ஏமாறவேண்டாம். கேட்கவேண்டிய கேள்வி என்னவென்றால், தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுப்பீர்களா என்பது. உங்களோடு தனிப்பெண் யாரும் வராவிட்டாலும் இதைக் கேளுங்கள். இதற்கு நேராக, "கொடுப்போம்" என்று பதில் சொல்லுகிற விடுதியில் மற்றக் கோணல்களும் குறைவாகவே இருக்கக் காண்கிறோம். பிறகு வாடகை 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காலை 6 மணிக்கு வந்து இறங்கி, பகல் 12 மணிக்கு ஒரு நாள் வாடகை போய்விட்டது என்று சண்டை போடுகிறவர்கள் நிறைய உண்டு. ஸ்டேஷன் வாசலில், "நல்ல ரூம் இருக்கிறது சார்" என்று ஆட்டோவில் ஏற்றுகிறவருக்கு லாட்ஜில் கமிஷன் உண்டு. அந்தக் கமிஷன் உங்கள் வாடகையில் இருக்கும். பணம் கட்டுமுன் மாடி ஏறி அறையைப் பாருங்கள். உள் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தால் போதும். சாமி படம் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டாம், எப்படியும் மாட்டியிருக்கும். ரயிலில் வருகிறவர்களுக்குச் சென்ட்ரலில் ரயில்வே ஓய்வறையும் உண்டு. அங்கே கேட்பது டிக்கட்டைத்தான். தெற்கேயிருந்து வரும் அரசாங்க பஸ்கள் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தது முதல் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. நடுப்பட்டணம் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். இதை நினைவில் வைத்து நேரத்தைக் கணக்குப் போடவேண்டும்.

சாப்பாட்டு விஷயம். ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பார்ப்பனருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்ததைக் கிளர்ச்சி செய்து 1941-ல் ஒழித்தோம். ஓட்டல் பலகையில் 'பிராமணாள்' என்று எழுதியிருப்பதை எடுக்கச் சொல்லி 1957-ல் திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டலின் முன்பு மாதக்கணக்கில் மறியல் நடந்து, நூற்றுக்கணக்கான தோழர்கள் சிறைக்குப் போனார்கள். ஒழிந்தது என்று நினைத்திருந்த பலகை 2012-ல் ஸ்ரீரங்கத்தில் திரும்ப முளைத்து, மறுபடியும் கிளர்ச்சி செய்யவேண்டி வந்தது. இன்றைக்குப் பட்டணத்தில் 'சுத்த சைவம்' என்கிற பலகை ஏராளம். இதில் நமது தோழர்களில் சிலர் வீணாகக் கோபித்துக்கொள்ளுகிறார்கள். ஒரு கடைக்காரர் கறி சமைக்கவில்லையென்றால் அது அவர் வியாபாரம். இட்லி நன்றாயிருந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். யாரை உட்காரவைப்பது, யாருக்கு எந்த டம்ளர் என்பது மட்டும் அவர் இஷ்டமல்ல. 'சுத்தம்' என்று ஒரு சாப்பாட்டுக்குப் பெயர் வைத்தால் மற்றது அசுத்தமென்றுதானே அர்த்தம் என்று கேட்டால், ஆம், அந்தச் சொல்லில் திமிர் இருக்கத்தான் செய்கின்றது. அதற்கு நல்ல பதில், பெரியமேட்டிலோ திருவல்லிக்கேணியிலோ ஒரு முஸ்லிம் தோழரின் கடையில் போய் வயிறாரப் பிரியாணி சாப்பிடுவதுதான்.

இனி எங்கே போவது? வழக்கமாக நம்மவர்கள் செய்வது, காலையில் மயிலாப்பூர்க் கோயில், பகலில் வடபழனிக் கோயில், மாலையில் ரங்கநாதன் தெரு நெரிசலில் புடவைக்கடை, இரவு வண்டி. ஊரிலேயே இருக்கிற அதே சாமியைப் பார்க்க இவ்வளவு தூரம் ஏன் வரவேண்டும்?

சாமி பார்த்தே தீரவேண்டுமென்று வீட்டில் யாராவது அடம்பிடித்தால் அவரை எழும்பூர் மியூசியத்துக்கு அழைத்துப்போங்கள். 1851-ல் ஏற்பட்டது, வெள்ளிக்கிழமை விடுமுறை, சனி ஞாயிறு திறந்திருக்கும். அங்கே வெண்கலச் சிலைக் கட்டிடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் முதலாக எத்தனையோ சிலைகள் இருக்கின்றன. செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. அருச்சனைச் சீட்டில்லை, தட்டில் காசில்லை, சிறப்பு வழி இல்லை. கோயிலில் எந்தச் சிலையைக் கர்ப்பக்கிரகத்துக்கு வெளியே, இருட்டில், 20 அடி தூரத்தில் நின்று பார்க்க விடுகிறார்களோ அந்த மாதிரிச் சிலையை இங்கே எந்த ஜாதிக்காரனும் ஒரு முழ தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்போதுதான் மெழுகில் உருச் செய்து, மண்ணைப் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை வார்த்த கம்மியனுடைய கை தெரியும். அவனுக்கு அந்தக் கோயிலில் என்ன மரியாதை இருந்தது என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லலாம். அமராவதியிலிருந்து வந்த பௌத்தச் சிற்பங்களும் இங்கே உண்டு. சுமார் 2,000 வருஷத்துக்கு முந்தியவை. பக்கத்திலேயே 1896-ல் திறந்த கன்னிமாரா நூல்நிலையம்.

நூல்நிலையம் என்றால் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தை விட்டுவிடக் கூடாது. 2010-ல் திறந்தது. 2011-ல் அதைக் குழந்தைகள் ஆஸ்பத்திரியாக மாற்றப்போவதாக அரசாங்கம் அறிவித்து, ஹைகோர்ட்டு தடை போட்டுத்தான் அது பிழைத்தது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, கண் தெரியாதவர்களுக்குப் பிரெயில் பகுதி, நம்முடைய சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்துப் படிக்கவும் ஒரு பகுதி எல்லாம் உண்டு. ஒரு கிராமத்துத் தோழர் முதல்முறை அதற்குள் போய்விட்டு, உள்ளே விட்டபோது யாரும் நீ யார் என்று கேட்கவில்லை என்பதைத்தான் பெரிய அதிசயமாக நம்மிடம் சொன்னார். அதே கோட்டூர்புரத்தில் 1988 முதல் பிர்லா கோளரங்கம் இருக்கின்றது. இருட்டு மண்டபத்தில் கூரை முழுவதும் நட்சத்திரங்களைக் காட்டித் தமிழிலும் விளக்கம் சொல்லுகிறார்கள். தயிர் சாப்பிட்டுவிட்டு ரயிலேறின பாட்டியையும் அழைத்துப்போங்கள். இராகுவும் கேதுவும் எந்த இடத்தில் இருக்கின்றன என்று அங்கே கேட்கச் சொல்லுங்கள்.

வேப்பேரியில் பெரியார் திடல் இருக்கின்றது. 1973 டிசம்பர் 24-ல் காலமான பெரியாரை அங்கேதான் அடக்கம் செய்திருக்கின்றது. போய்ப் பார்க்கவேண்டியதுதான். ஆனால் சில தோழர்கள் அங்கே போய்க் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக நிற்பதைக் கண்டிருக்கிறோம். திருப்பதிக்குப் பதிலாக வேப்பேரி என்றால் அந்தக் கிழவர் எழுந்து தடியால் அடிப்பார். நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டு வாருங்கள்.

ஞாயிறு மாலை கடற்கரை. மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கின்றது. நாலு பேர் ஒரு பாறையைப் பெயர்த்துத் தள்ளுகிற மாதிரி தேவிப்பிரசாத் ராய் சௌத்திரி செய்தது, 1959-ல் வைத்தது. 1923-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடினதும் இந்தச் சென்னைக் கடற்கரையில்தான், நடத்தினவர் சிங்காரவேலர். அங்கே மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்னும்போது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த ஜாதியென்று உங்களுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அலையில் மட்டும் இறங்கவேண்டாம். நீந்தத் தெரிந்தவர்களையே இழுத்துக்கொண்டு போகிற கடல் அது.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டணத்தில் எந்த விடுதியிலாவது ஜாதியையோ, மதத்தையோ, தாலியையோ கேட்டு இடம் மறுத்தால் தேதி, நேரம், மறுத்தவர் சொன்ன வார்த்தை இவற்றைக் குறித்து, வேறெங்கே தங்கினீர்களோ அந்த இடத்து ரசீதோடு நமக்கு எழுதுங்கள். தஞ்சை ஜில்லாத் தோழர் தாம் போன மூன்று லாட்ஜுகளைப் பற்றியும் எழுதித் தந்திருக்கிறார். அந்த அம்மையாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.